ஊதியச் சீட்டுக்குப் பதில் சொல்வது யார்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. 29 மத்தியச் சட்டங்களின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. அன்றுமுதல் நடந்துவரும் விவாதங்களில் பெரும்பகுதி, வேலைநிறுத்த அறிவிக்கை குறித்தும், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் தொழிலாளர் எண்ணிக்கை 100-லிருந்து 300-ஆக உயர்ந்தது குறித்துமே அமைந்திருக்கிறது. அவை விவாதிக்கப்பட வேண்டியவையே. ஆனால், மாதந்தோறும் ஊழியரின் கைக்கு வந்துசேரும் ஊதியச் சீட்டை மாற்றக்கூடிய செய்தி ஒன்றும் அத்தொகுப்புகளுக்குள் இருக்கிறது. 'ஊதியம்' என்ற சொல்லுக்குப் பொதுவான ஒரே வரையறை வந்துவிட்டது.

அந்த வரையறையின்படி, வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, மிகைநேர ஊதியம் போன்ற விலக்கப்பட்ட இனங்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மீண்டும் ஊதியமாகவே கொள்ளப்படும். ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 40,000 ரூபாய் பெறுபவருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்த்து 14,000; விலக்கப்பட்ட படிகள் 26,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி என்பது 20,000. தாண்டிய 6,000 ரூபாய் ஊதியத்தோடு சேர்கிறது. ஊதியம் 20,000 ஆகிறது. பத்தாண்டுப் பணிக்கான பணிக்கொடையை, 15-ஐ 26-ஆல் வகுத்துப் பெருக்கும் பழகிய சூத்திரத்தின்படி கணக்கிட்டால், 14,000 ரூபாய்க்கு 80,769 ரூபாய் வரும். 20,000 ரூபாய்க்கு 1,15,385 ரூபாய் வரும். ஒரு வரையறையால் ஒரு தொழிலாளிக்குக் கிடைக்கும் வேறுபாடு 34,600 ரூபாய்க்கும் மேல்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. பல நிறுவனங்களின் ஊதியச் சீட்டில் 'சிறப்புப் படி' என்றொரு வரி இருக்கும். விலக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. எல்லாருக்கும் ஒரே சீராக வழங்கப்படும் படிகள் வருங்கால வைப்பு நிதிக்கான அடிப்படை ஊதியத்தில் சேரும் என்று உச்சநீதிமன்றம் 2019-லேயே கூறிவிட்டது. ஆயினும், அந்த வரியை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனத்திலும் யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். முன்பு அவர் அந்நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் உட்கார்ந்திருந்தார். இன்று பெரும்பாலும் அவர், மனிதவள மென்பொருளை நிறுவித்தர வந்திருக்கும் ஆலோசகர். கணினித் திரையில் ஒரு கட்டத்தில் அவர் இடும் குறி, ஆயிரக்கணக்கானோரின் பணிக்கொடையைத் தீர்மானிக்கிறது.

சில மாதங்களுக்குமுன் என் முன்னாள் மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளத் துறையில் பதினாறு ஆண்டுகள் பணியாற்றியவர். மென்பொருள் ஆலோசனைப் பணிக்கு மாற வாய்ப்பு வந்திருக்கிறது, ஊதியமும் கூடுதல். "எனக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எதுவும் எழுதத் தெரியாது சார். நாற்பது வயதுக்குமேல் இந்த விஷப்பரீட்சை தேவைதானா?" என்பது அவருடைய கேள்வி. பொருளியல் ஆசிரியனிடம் இதைக் கேட்டதில் அவருடைய குருபக்தியே தெரிகிறது. நான் நான்கு பேரிடம் விசாரித்தபிறகே விடை சொன்னேன். இதே கேள்வியோடு பலர் இருப்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இத்துறையின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கப்பட்ட பீப்பிள்சாஃப்ட், பணியாளர் நிர்வாகத்துக்கான மென்பொருளைப் பெருந்தொழிலாக்கியது. நெடிய இழுபறிக்குப்பின் 2005-இல் ஓரக்கிள் அதனை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் பீப்பிள்சாஃப்டின் நிறுவனர் டேவ் டஃபீல்டும் அவருடைய சகா அனீல் பூஸ்ரியும் ஒர்க்டே நிறுவனத்தைத் தொடங்கினர். ஜெர்மனியின் எஸ்ஏபி, சக்சஸ்ஃபேக்டர்ஸ் நிறுவனத்தைத் தன்வசமாக்கியது. நம் சென்னையிலும் ராம்கோ, ஸோஹோ ஆகியவை இத்துறையில் இருக்கின்றன. மென்பொருளை உருவாக்குவது இந்நிறுவனங்களின் பணி. அதனை ஒரு தொழிற்சாலையின் அல்லது மருத்துவமனையின் வழக்கங்களுக்கேற்ப அமைத்துத் தருவது ஆலோசகரின் பணி. இரண்டாவதற்குப் பெரும்பாலும் நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

தெரிய வேண்டியது வேறு. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தின் 21,000 ரூபாய் வரம்பை ஒருவர் ஆண்டு நடுவில் தாண்டினால், அந்தப் பங்களிப்புப் பருவம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும் என்பது தெரிய வேண்டும். மூன்றாம் ஷிஃப்டில் இரவு பத்து மணிக்கு வந்து காலை ஆறு மணிக்குச் செல்பவரின் வருகை எந்த நாளின் கணக்கில் சேரும் என்பது தெரிய வேண்டும். தொழில் வரியை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் அதனை மாநில அரசு மாதந்தோறும் பெறுகிறது. தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை. பெறுவதும் மாநில அரசன்று, அந்தந்த உள்ளாட்சி அமைப்பு. ஒரே நிறுவனத்தின் ஒரு கூடம் ஊராட்சி எல்லையிலும் மற்றொன்று நகராட்சி எல்லையிலும் இருக்கக்கூடும். அரசமைப்புச் சட்டத்தின் உச்சவரம்புப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாத இச்சிறு தொகைக்காகக் கலிஃபோர்னியாவில் எழுதப்பட்ட மென்பொருள் தலையைச் சொறிந்து நிற்பதை, இத்துறையினர் பலர் சிரித்துக்கொண்டே விவரிக்கின்றனர். அந்த இடத்தில் கைகொடுப்பவர், கணினி அறிந்த இளைஞரைவிட, பத்தாண்டுகள் ஊதியப் பட்டியல் போட்டுத் தேய்ந்த கைக்குச் சொந்தக்காரர்தான்.

ஆகவே, என் மாணவியிடம் முதலில் நான் சொன்னது: உங்களிடம் இருப்பதற்கு விலை உண்டு; தயங்க வேண்டாம். இரண்டாவதாகச் சொன்னது எச்சரிக்கை. பொருளியலறிஞர் கேரி பெக்கர், 1964-இல் வெளிவந்த தமது மனித மூலதனம் பற்றிய நூலில், பயிற்சியை இருவகையாகப் பிரித்தார். எந்த நிறுவனத்துக்குச் சென்றாலும் பயன்படுவது ஒன்று. இப்போதைய நிறுவனத்தில் மட்டுமே பயன்படுவது மற்றொன்று. மனிதவள அலுவலரின் அறிவில் இரண்டாம் வகை மிகுதி. எந்தத் தொழிற்சங்கத் தலைவர் எதற்கு இணங்குவார், எந்த ஒப்பந்ததாரரின் கணக்கை இருமுறை சரிபார்க்க வேண்டும் என்பவையெல்லாம் அந்த வாயிலுக்கு வெளியே செல்லாக்காசு. ஆலோசனைப் பணி, சட்டமும் நடைமுறையும் பற்றிய அவருடைய பொது அறிவுக்குச் சந்தையைத் திறந்துவிடுகிறது. ஆனால், கூடவே பெக்கர் பேசாத மூன்றாம் வகையொன்றையும் அவர் தலையில் ஏற்றுகிறது. குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் திரைகளையும் கட்டங்களையும் பற்றிய அறிவு அது. அந்த மென்பொருள் சந்தையை இழந்தால் அந்த அறிவும் அதனோடு போகும்.

சான்றிதழ் வணிகத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஹைதராபாத் அமீர்பேட்டையிலும் சென்னையின் பல தெருக்களிலும் நாற்பது நாள்களில் ஆலோசகராக்குவதாகக் கூறும் பயிற்சிக்கூடங்கள் உள்ளன. ஒர்க்டே போன்ற சில நிறுவனங்களின் முறையான சான்றிதழ், அவற்றின் வாடிக்கையாளர் நிறுவனத்திலோ கூட்டாளி நிறுவனத்திலோ பணியில் இருப்பவருக்கே கிடைக்கக்கூடியது. தெருமுனைப் பயிற்சிக்கூடம் அதனைத் தர இயலாது. வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்துக் கட்டணம் செலுத்துவோர் இதனை அறிந்துகொள்வது நல்லது. தம் நிறுவனத்திலேயே புதிய மென்பொருள் நிறுவப்படும்போது அந்தக் குழுவில் இடம்கேட்டுச் சேர்வதே சிறந்த பயிற்சி. குறிப்பாக, பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒரே மாதத்தின் ஊதியத்தைப் போட்டு, வரிக்கு வரி ஒப்பிடும் இணை ஓட்டத்தில் பங்கேற்றவர், ஓராண்டு வகுப்பில் கற்பதை இரு மாதங்களில் கற்றுவிடுவார்.

இவையெல்லாம் தனிமனிதரின் இலாப நட்டக் கணக்கு. என்னை அதிகம் உறுத்துவது அந்தக் கணக்கில் இடம்பெறாத இன்னொருவர். மாணவி எழுந்து சென்றபின் காலியாகும் அந்த நாற்காலியின் எதிரே, கையில் ஊதியச் சீட்டுடன் நிற்கும் தொழிலாளி.

அந்த நாற்காலிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆலைகளுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரிகளின் கையூட்டிலிருந்தும் அதிகாரத்திலிருந்தும் தொழிலாளரை விடுவிக்கத் தொழிலாளர் அலுவலர்கள் நியமிக்கப்பட வேண்டும் என்று, ஒயிட்லி தலைமையிலான அரச ஆணையம் 1931-இல் பரிந்துரைத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. பின்னாளில் அப்பதவியே பணியாளர் மேலாளர், மனிதவள மேலாளர் என்றெல்லாம் பெயர் மாறியது. பெயர் மாற மாற அவர் நிர்வாகத்தின் பக்கம் நகர்ந்து சென்றார் என்பதும் உண்மை. எனினும், "ஏன் இந்த மாதம் 600 ரூபாய் குறைகிறது?" என்று கேட்டால், பேரேட்டைத் திறந்து பார்த்து விடை சொல்ல ஒரு முகம் இருந்தது.

நான் பணியாற்றிய கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர் அத்தகையவர். மருத்துவச் சான்றின்பேரில் எடுத்த ஊதியமில்லா விடுப்பு ஆண்டு ஊதிய உயர்வுக்குக் கணக்கில் சேரும். சொந்தக் காரணத்துக்காக எடுத்தது சேராது. விலங்கியல் துறை நண்பர் ஒருவரின் விடுப்பு தவறான தலைப்பில் பதிவாகி, அவருடைய ஊதிய உயர்வு பல ஆண்டுகளாகத் தள்ளித்தள்ளி வழங்கப்பட்டுவந்தது. நண்பருக்கே அது தெரியாது. பணிப்பதிவேட்டைப் புரட்டியபோது கண்காணிப்பாளரின் விரல் ஒரு பதிவில் நின்றது. "இந்த வருடம் உங்களுக்கு மஞ்சள் காமாலை அல்லவா?" என்று கேட்டார். எந்த விதிநூலிலும் இல்லாத அந்த நினைவு, நண்பரின் ஓய்வூதியத்தையே மாற்றியது. சொல்லில் அடங்காத இத்தகைய அறிவை மைக்கேல் போலானி உள்ளுறை அறிவு என்றார். மென்பொருளில் ஏற்றப்படுவது விதி. எங்கே விதி தவறாகப் பொருந்தியிருக்கிறது என்ற ஐயம் ஏற்றப்படுவதில்லை.

அந்த ஐயத்தை உடையவர்களை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு அரசுகள் இரண்டின் அனுபவம் ஆவணமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை, 2010 மார்ச்சில் புதிய ஊதிய மென்பொருளுக்கு மாறியது. 200-க்கும் மேற்பட்ட படிகள், அவற்றிலிருந்து விளையும் 24,000-க்கும் மேற்பட்ட ஊதியச் சேர்க்கைகள். செவிலியர்கள் பலருக்கு ஊதியமே வரவில்லை; சிலருக்கு இருமடங்கு வந்தது. சில மில்லியன் டாலரில் தொடங்கிய ஒப்பந்தம், சீர்செய்யும் செலவோடு 120 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொடும் என்று மதிப்பிடப்பட்டது. விசாரணை ஆணையமே அமைக்க நேர்ந்தது.

கனடாவின் கதை இன்னும் பொருத்தமானது. அந்நாட்டு மத்திய அரசு 2016-இல் ஃபீனிக்ஸ் என்ற ஊதிய முறையைத் தொடங்கியது. அடிப்படை பீப்பிள்சாஃப்ட் மென்பொருள்தான். சுமார் 2,90,000 ஊழியர்கள். 80,000-க்கும் மேற்பட்ட ஊதிய விதிகள். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது திட்டம். அந்த மிச்சம் எங்கிருந்து வரும்? துறைதோறும் இருந்த சுமார் 1,200 ஊதிய ஆலோசகர் பணியிடங்களை நீக்கிவிட்டு, நியூ பிரன்சுவிக் மாநிலத்தின் மிரமிச்சி என்ற சிறு நகரில் 550 பேரை அமர்த்துவதிலிருந்து. மென்பொருளை அமைக்கும் செலவு ஒதுக்கீட்டைத் தாண்டும் என்று தெரிந்தபோது, கூடுதல் நிதி கேட்பதற்குப் பதிலாகச் சில செயல்பாடுகளே நீக்கப்பட்டன; முன்தேதியிட்ட ஊதியத்தைக் கணக்கிடும் வசதியும் அவற்றில் ஒன்று. முன்னோட்டச் சோதனை கைவிடப்பட்டது. விளைவாக, லட்சக்கணக்கான ஊழியர்களின் ஊதியத்தில் பிழை நேர்ந்தது. வீட்டுக் கடன் தவணை கட்ட இயலாமல் திண்டாடியவர்கள் உண்டு. 2018-இல் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் இதனைப் புரிந்துகொள்ளவே இயலாத தோல்வி என்ற பொருளில் கண்டித்தார். பின்னர் பழைய ஊதிய ஆலோசகர்களையே தேடிப்பிடித்து அழைக்க வேண்டியதாயிற்று.

இவை அரசுகள் என்பதால் தணிக்கை நடந்தது, அறிக்கை வெளிவந்தது. ஒரு தனியார் தொழிற்சாலையில் முந்நூறு ஒப்பந்தத் தொழிலாளருக்கு மிகைநேர ஊதியம் மாதம் இருநூறு ரூபாய் குறைவாகக் கணக்கிடப்பட்டால் அது எந்தத் தணிக்கையில் வெளிப்படும்? முதலாளியின் தீய எண்ணமே தேவையில்லை. பூனாவிலோ பெங்களூரிலோ அமர்ந்து, ஒரே வார்ப்பை ஆறு நிறுவனங்களுக்குப் பொருத்தும் அவசரம் போதும். கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்பது விடை. இந்த விடையை நானும் ஒரு வங்கியின் முகப்பில் நின்று கேட்டிருக்கிறேன். அதற்கு மறுமொழி சொல்லும் திறன் முனைவர் பட்டத்தால் வந்துவிடுவதில்லை.

நிறுவனம் எதைத் தானே செய்துகொள்ளும், எதைச் சந்தையில் வாங்கும் என்ற கேள்வியை ரொனால்ட் கோஸ் 1937-இல் எழுப்பினார். எது மலிவோ அதைத்தான் என்பது விடையின் சாரம். ஊதியப் பட்டியல் போடுவதை வெளியில் வாங்குவது மலிவு என்பதில் ஐயமில்லை. விளக்கம் சொல்வது அப்படியன்று. விளக்கம் கிடைக்காததன் செலவு நிறுவனத்தின் கணக்கேட்டில் ஏறுவதில்லை. தொழிலாளியின் வீட்டில் ஏறுகிறது. தன் ஏட்டில் ஏறாத செலவை எந்த நிறுவனமும் தானாகக் குறைக்க முற்படாது. அரசு தலையிட வேண்டிய இடம் இதுதான்.

வியப்பு என்னவென்றால், அதற்கான கருவிகள் புதிய தொகுப்புகளிலேயே இருக்கின்றன. நல அலுவலரை நியமிக்க வேண்டிய தொழிலாளர் எண்ணிக்கை 500-லிருந்து 250-ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் இருதரப்புக் குறைதீர் குழு வேண்டும். ஊதியச் சீட்டு வழங்குவது கட்டாயம். பணியிலிருந்து விலகுபவரின் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலைநாள்களுக்குள் தர வேண்டும். ஒன்றரை மாதம் அலைக்கழித்த பழைய வழக்கத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். இரண்டு நாள்களில் கணக்கு முடிக்க மென்பொருள் இன்றியமையாதது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மென்பொருளுக்கு எதிரியல்லன். கையால் எழுதிய பேரேடுகளில் எத்தனை அநீதி ஒளிந்திருந்தது என்பதைத் தொழிற்சங்கத்தினர் அறிவர்.

ஆனால், நல அலுவலருக்கு மென்பொருளின் கணக்கீட்டு விதிகளைப் பார்க்கும் உரிமை உண்டா? குறைதீர் குழுவில் அமரும் தொழிலாளர் பிரதிநிதி, ஒரு பிடித்தம் எந்த விதியின்கீழ் எழுந்தது என்று எழுத்தில் கேட்டால், யார் தர வேண்டும், எத்தனை நாளில்? மென்பொருள் நிறுவனம் தொழில் இரகசியம் என்று கைவிரித்தால் என்ன செய்வது? தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் உள்ளது. மாநிலங்கள் தத்தம் விதிகளை வகுக்க இடமிருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளில் மூன்று செய்திகள் இடம்பெறலாம். ஊதியச் சீட்டில் ஒவ்வொரு படியும் ஊதியத்தில் சேர்ந்ததா, விலக்கப்பட்டதா என்பது தமிழில் குறிக்கப்பட வேண்டும். மென்பொருள் மாறும்போது, இணை ஓட்டத்தில் கண்ட வேறுபாடுகளின் பட்டியல் குறைதீர் குழுவின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஊதியக் கணக்கீட்டுக்கு விடையளிக்கும் அலுவலர் ஒருவர், பெயர் குறிப்பிடப்பட்டு, அந்த வளாகத்திலேயே இருக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு இது சுமை என்ற வாதம் வரும். ஐம்பது பேர் பணிபுரியும் இடத்தில் கணக்கரே அந்த அலுவலராக இருக்கலாம். கூடுதல் ஆள் தேவையில்லை, பொறுப்பு யாருடையது என்பது தெரிந்தால் போதும்.

ஆலோசனை நிறுவனங்களும் இதனால் நட்டப்படா. விளக்கக்கூடிய அமைப்பை உருவாக்க, விதியின் வரலாறு அறிந்தவர்கள் வேண்டும். மனிதவளத் துறையிலிருந்து வருவோரின் மதிப்பு இன்னும் கூடும்.

என் மாணவி பணி மாறிவிட்டார். முதல் பணி, வேறொரு தொழிற்சாலையின் ஊதிய மாற்றம். இணை ஓட்டத்தின் இரண்டாம் மாதத்தில் பதினொரு பேரின் மிகைநேர ஊதியம் பொருந்தவில்லை. குழுவிலிருந்த இளைஞர்கள் பழைய முறையில்தான் பிழை என்றனர். இவர் வருகைப் பதிவை வாங்கிப் பார்த்தார். பதினொருவரும் இரவு ஷிஃப்டில், விடுமுறை நாள் பிறக்கும் நள்ளிரவைத் தாண்டிப் பணி செய்தவர்கள். பழைய முறையே சரி. ஒரு கட்டத்தில் குறியை மாற்றியதும் கணக்கு பொருந்திற்று.

அவர் விட்டுச்சென்ற ஒரகடம் பணியிடம் நிரப்பப்படவில்லை என்று அவரே வருத்தத்துடன் கூறினார். ஊதியம் குறித்த ஐயங்களுக்கு அழைக்க வேண்டிய எண் ஒன்று அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறதாம். அழைத்தால் ஆங்கிலத்துக்கு ஒன்றையும் இந்திக்கு இரண்டையும் அழுத்தச் சொல்கிறது.